பதினோரு ஆண்டுச் சந்தாவுக்கு என்ன கிடைத்தது: விமானிகள் சங்கம், ஒரு உறுப்பினரின் மதிப்புரை

அமெரிக்காவில் ஏர் லைன் பைலட்ஸ் அசோசியேஷன், சுருக்கமாக ஆல்பா. அதில் நான் உறுப்பினராகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. சம்பளத்தில் நூற்றுக்கு இரண்டுக்கும் சற்றுக் குறைவாகச் சந்தா போகிறது. ஃபோன் பிளானுக்கும் காப்பீட்டுக்கும் பக்கம் பக்கமாக மதிப்புரை எழுதுகிறோம், வேலை பார்க்கும் காலம் முழுக்கக் கட்டப்போகிற இதற்கு யாரும் எழுதிப் பார்த்ததில்லை. ஊரிலிருந்து அரிசோனாவுக்கும் ஃப்ளோரிடாவுக்கும் பறக்கக் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி சம்பளம் எவ்வளவு, இரண்டாவது எப்போது பெரிய விமானம். சங்கத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. குறைத்த ஒன்றுக்குக் காரணம் இருக்கிறது, அதற்கும் வருகிறேன்.

முதலில் எனக்கு நடந்தது. 1,500 மணி நேரம் பறந்து முடித்து, ஒரு சிறிய பிராந்திய விமான நிறுவனத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது துணை விமானியாகச் சேர்ந்திருந்த காலம். நான்கு நாள் பயணத்தின் மூன்றாம் இரவு, ஹோட்டலில் நள்ளிரவு இரண்டு மணிக்குத் தீ எச்சரிக்கை மணி அடித்து எல்லாரையும் பனியில் வெளியே நிற்க வைத்துவிட்டார்கள். திரும்பிப் படுத்தபோது மூன்றரை. ஐந்தரைக்கு வேன். மூன்று முறை ஏறி இறங்க வேண்டிய நாள், அதுவும் மேகம் தரையைத் தொடுகிற வானிலை. பல் துலக்கும்போதே கண் செருகியது, என்னால் முடியாது என்று தெரிந்துவிட்டது. விமானிகளுக்கு வேலை ஒதுக்கும் ஷெட்யூலிங் பிரிவை அழைத்து, களைப்பாக இருக்கிறேன், பறக்க இயலாது என்றேன். மறுமுனையில் இருந்தவர் கத்தவில்லை, ஆனால் மாற்று ஆள் இல்லை என்பதை நான்கு விதமாகச் சொன்னார். நான் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொன்னேன். விமானம் ரத்தானது. அடுத்த வாரம் தலைமை விமானியின் அலுவலகத்திலிருந்து கடிதம், வந்து விளக்கம் தரவும் என்று.

அந்தக் கூட்டத்துக்கு நான் தனியாகப் போகவில்லை. கடிதம் வந்த அன்றே சங்கத்தின் உள்ளூர்ப் பிரதிநிதிக்குத் தெரிவித்தேன், அவரும் பறக்கிற விமானிதான், தன் விடுப்பு நாளில் இரண்டு மணி நேரம் காரோட்டி வந்தார். உள்ளே போவதற்கு முன் ஒன்றே ஒன்று சொன்னார்: கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், மன்னிப்புக் கேட்காதீர்கள். கூட்டம் இருபது நிமிடம். விதிமுறையின் பக்கத்தை எடுத்து மேஜையில் வைத்தார், களைப்பு என்று விமானி சொன்ன பிறகு அவரைப் பறக்க அனுப்ப நிறுவனத்துக்கே அனுமதி கிடையாது என்ற பக்கம். கடிதம் என் கோப்பிலிருந்து எடுக்கப்பட்டது. களைப்பு அழைப்புகளைப் பரிசீலிக்கும் குழு, ஹோட்டல்தான் காரணம் என்று முடிவு செய்து அந்த நாளுக்கான சம்பளத்தையும் கொடுக்க வைத்தது. சந்தா எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த இருபது நிமிடம்தான்.

அந்தப் பக்கம் எப்படி விதிமுறையில் வந்தது என்பது எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. 2009 பிப்ரவரி 12 இரவு, நூவார்க்கிலிருந்து பஃபலோ போன கோல்கன் ஏர் 3407 என்ற பயணிகள் விமானம் தரையிறங்கும் முன் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது கேப்டன் தவறாகக் கையாண்டதே காரணம் என்றது விசாரணை. ஆனால் விசாரணையில் வேறு விஷயங்களும் வெளியே வந்தன. ஃபர்ஸ்ட் ஆபீசர் சியாட்டிலிலிருந்து இரவு முழுக்கச் சரக்கு விமானங்களில் தொற்றிக்கொண்டு நூவார்க்குக்கு வேலைக்கு வந்திருந்தார், அங்கே அறை எடுக்கும் அளவுக்குச் சம்பளம் இல்லாத வேலை அது. இறந்தவர்களின் குடும்பங்கள் வாஷிங்டனில் வாசல் வாசலாக ஏறி இறங்கினார்கள், சங்கமும் பல காலமாகக் களைப்பு விதிகளைக் கேட்டுக்கொண்டிருந்தது. 2010இல் சட்டம் வந்தது, 2014 ஜனவரியில் புதிய ஓய்வு விதிகள் நடைமுறைக்கு வந்தன: பணிக்கு முன் பத்து மணி நேர ஓய்வு, அதில் எட்டு மணி நேரம் தடையில்லாமல் தூங்கும் வாய்ப்பு. நான் வேலைக்குச் சேரும்போது இது ஏதோ காலங்காலமாக இருந்த வழக்கம் போலத் தோன்றியது. ஐம்பது பேர் செத்த பிறகு வந்தது என்று பயிற்சி வகுப்பில் ஒரு மூத்த கேப்டன் சொன்னபோது அறையே அமைதியாகிவிட்டது.

இதே விதியில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, சரக்கு விமானிகளுக்கு இது கட்டாயம் இல்லை. ஃபெடெக்ஸ் விமானிகள் ஆல்பாவில் இருக்கிறார்கள், சங்கம் அப்போதிலிருந்தே எதிர்த்துவருகிறது, இன்னும் மாறவில்லை. பெட்டிகளை ஏற்றிப் பறக்கிறவருக்கும் தூக்கம் வரும் என்பதைச் சட்டத்தில் எழுத வைக்க இவ்வளவு பாடு.

சங்கம் 1931இல் சிகாகோவில் டேவிட் பெங்கி என்ற விமானியின் தலைமையில் தொடங்கியது. மாதத்துக்கு 85 மணி நேரத்துக்கு மேல் பறக்க வைக்கக் கூடாது என்ற முடிவை 1934இலேயே வாங்கிவிட்டார்கள். பழம்பெருமையை இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வேலைநிறுத்தம் பற்றி ஊரில் எல்லாருக்கும் ஒரு தவறான எண்ணம். சங்கம் என்றாலே நாளைக்கே கொடி பிடித்து விமானத்தை நிறுத்திவிடுவார்கள் என்று. இங்கே அது ஏறக்குறைய நடக்காது. 1926இல் ரயில்வேத் தொழிலாளர்களுக்காகப் போட்ட சட்டத்தை 1936இல் விமானங்களுக்கும் நீட்டினார்கள், இன்றும் அதுதான். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் ஒப்பந்தம் முடியாது, பழைய விதிகளே தொடரும், பேச்சு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். தேசிய மத்தியஸ்த வாரியம் இரண்டு தரப்பையும் பேச்சிலிருந்து விடுவிக்க வேண்டும், அதன் பிறகும் முப்பது நாள் காத்திருக்க வேண்டும், அப்போதும் ஜனாதிபதி தலையிடலாம். 1997இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் நள்ளிரவில் வேலைநிறுத்தம் தொடங்கிய சில நிமிடங்களில் கிளிண்டன் நிறுத்திவிட்டார் (அவர்கள் ஆல்பாவில் இல்லை, 1963இலேயே பிரிந்து தனிச் சங்கம் வைத்துக்கொண்டவர்கள்). 2010இல் ஸ்பிரிட் விமானிகள் ஐந்து நாள் இறங்கியதுதான் அமெரிக்காவில் ஆல்பா நடத்திய கடைசிப் பயணிகள் விமான வேலைநிறுத்தம். மற்றபடி எல்லாம் பொறுமை. விமான நிலைய வாசலில் சீருடையோடு, பேசாமல், அட்டை பிடித்து நிற்பது. நானும் இரண்டு முறை நின்றிருக்கிறேன், கால் வலித்ததுதான் மிச்சம் என்று அப்போது தோன்றியது. பிறகு 2023இல் டெல்டா விமானிகளுக்கு நான்கு ஆண்டுகளில் 34 சதவீத உயர்வு வந்து, அது மற்ற நிறுவனங்களையும் இழுத்துக்கொண்டு போனபோது புரிந்தது. விமானி பற்றாக்குறையும் சேர்ந்து உதவியது, அதை மறைக்கக் கூடாது.

சரி, அந்த ஒரு மதிப்பெண்.

இங்கே ஒரு விமானியின் வாழ்க்கை ஒரு எண்ணில் இருக்கிறது. சீனியாரிட்டி எண். எந்த ஊரில் வேலை, எந்த விமானம், எந்த மாதம் விடுமுறை, எப்போது கேப்டன், ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வெளியே, எல்லாம் அந்த எண்தான். திறமைக்கு அதில் இடமே இல்லை. ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்குள் யார் முன்னால் என்பதைச் சில நிறுவனங்களில் வயதை வைத்து முடிவு செய்வார்கள், சில இடங்களில் அரசு கொடுத்த அடையாள எண்ணின் கடைசி இலக்கங்களை வைத்து. நிறுவனம் மாறினால் எண் கிடையாது, இருபதாண்டு கேப்டனும் கடைசியில் போய் நிற்க வேண்டும். இந்த முறையைச் சங்கம் உயிரைக் கொடுத்துக் காக்கிறது. மேலதிகாரியைக் காக்கா பிடிக்கத் தேவையில்லை, களைப்பு என்று சொன்னதற்காகப் பதவி உயர்வு போகாது என்பதால் எனக்கும் அது வேண்டும்தான். ஆனால் இரண்டு நிறுவனங்கள் இணையும்போது இரண்டு சீனியாரிட்டிப் பட்டியலையும் ஒன்றாக்க வேண்டும், அங்கேதான் சங்கம் தன் ஆட்களையே கைவிட்டிருக்கிறது.

2001இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், டிடபிள்யூஏ என்ற விமான நிறுவனத்தை வாங்கியது. டிடபிள்யூஏ விமானிகள் ஆல்பா உறுப்பினர்கள். பல ஆண்டு பறந்தவர்களில்கூடப் பலர் பட்டியலின் அடியில் ஒட்டப்பட்டார்கள், பலர் பிறகு ஆட்குறைப்பில் வீட்டுக்குப் போனார்கள். தங்களைச் சங்கம் நேர்மையாகப் பிரதிநிதிக்கவில்லை என்று வழக்குப் போட்டார்கள், 2011இல் நீதிமன்ற ஜூரி ஆமாம் என்றது, 2014இல் சங்கம் 5.3 கோடி டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. வேலைக்கான காலம் போன பிறகு பணம் வந்து என்ன. அப்புறம் யுஎஸ் ஏர்வேஸ், அமெரிக்கா வெஸ்ட் என்ற இரண்டு நிறுவனங்களின் இணைப்பு. இரண்டு பக்கமும் ஆல்பா. 2007இல் நடுவர் ஒரு பட்டியல் கொடுத்தார், பெரிய தரப்புக்குப் பிடிக்கவில்லை, 2008இல் ஓட்டுப் போட்டு ஆல்பாவையே வெளியேற்றித் தனிச் சங்கம் வைத்தார்கள், அதே நிறுவனத்தின் விமானிகள் பல ஆண்டுகள் இரண்டு பட்டியலில் பறந்தார்கள். ஒரே காக்பிட்டில் உட்கார வேண்டியவர்கள் ஒருவரையொருவர் எதிரியாகப் பார்த்த காலம். இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

பென்ஷனும் அப்படித்தான். 2005இல் திவால் நீதிமன்றம் வழியாக யுனைடெட் தன் ஓய்வூதியத் திட்டங்களைக் கைவிட்டது, அடுத்த ஆண்டு டெல்டா விமானிகளின் திட்டமும் போனது. முப்பது ஆண்டு பறந்து, பெரிய விமானத்தின் கேப்டனாக, ஒரு விபத்தும் இல்லாமல் அறுபது வயதில் இறங்கியவருக்கு வாக்குக் கொடுத்த பணம் இல்லை. சங்கம் இருந்தும் காக்க முடியவில்லை.

நல்லது இன்னும் இரண்டு. எனக்குச் சிறுநீரகக் கல் வந்தபோது, பறக்கத் தேவையான மெடிக்கல் சான்றிதழ் போய்விடுமோ என்று பயந்தேன், இங்கே கல் ஒன்று உள்ளே தங்கியிருந்தாலே விளக்கம் கேட்பார்கள். கொலராடோவில் சங்கத்தின் விமான மருத்துவ அலுவலகம் இருக்கிறது, அங்கே ஒரு மருத்துவர் எந்தப் பரிசோதனை, எந்தக் கடிதம், எந்த வரிசையில் என்று ஃபோனிலேயே சொல்லிவிட்டார், சில வாரங்களில் மறுபடி பறந்தேன். இன்னொன்று, காக்பிட்டில் இரண்டு பேருக்கு ஒத்துப்போகவில்லை என்றால் நிர்வாகத்திடம் போகாமல் சக விமானிகளே ரகசியமாகப் பேசித் தீர்க்கும் குழு. அதில் யாருடைய பெயரும் எழுதி வைக்கப்படுவதில்லை. இதை எல்லா வேலைகளிலும் வைக்கலாம்.

திருச்சியில் என்னோடு பள்ளியில் படித்த தோழி இந்தியாவில் ஒரு நிறுவனத்தில் கேப்டன், ஆறு ஆண்டு முன்பே கேப்டன் ஆனவள். "என்னடி, இவ்வளவு சந்தா கட்டி இன்னும் வலது பக்கச் சீட்டுதானா?" என்பாள், வலது பக்கம் துணை விமானியின் இருக்கை. அங்கே 2017இலிருந்து கேப்டன் வேலையை விட ஓராண்டு முன்னறிவிப்புத் தர வேண்டும். வாரத்துக்கு 48 மணி நேர ஓய்வு என்ற புதிய விதி 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டு, தள்ளிப்போய், விமானி அமைப்புகள் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போன பிறகுதான் 2025இல் இரண்டு கட்டமாக வந்தது. அந்த டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தபோது விமானிகள் மேல் பழி போட்டவர்களை நான் பார்த்தேன். தோழி அன்று எனக்கு அனுப்பிய செய்தி: "ஒரு வாரம் முழுசாத் தூங்கினேன்டி."

சேரப் போகிறவர்களுக்கு: முதலாண்டு சோதனைக் காலத்தில் சங்கத்தால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, வேலையை விட்டு எடுத்தால் முறையீடு செய்யும் உரிமை பொதுவாக இல்லை. அந்த ஆண்டு கவனமாக இருங்கள். உள்ளூர்க் கூட்டத்துக்குப் போங்கள், எங்கள் ஊரில் பலமுறை பத்துப் பேர்கூட வருவதில்லை, பிறகு ஒப்பந்தம் சரியில்லை என்று புலம்புகிறோம்.

நான் இப்போது பெரிய நிறுவனத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசர். கேப்டனாக என் சீனியாரிட்டி எண் போதும். ஆனால் கேப்டன் பட்டியலில் கடைசி ஆளாக, எப்போது அழைப்பார்களோ என்று ஃபோனைப் பார்த்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கிடக்க வேண்டும். இங்கே வலது சீட்டில் இருந்தால் ஞாயிறு வீட்டில். பொங்கல் வாரத்தில் விடுமுறை, நான் சேர்ந்த முதல் ஆண்டிலிருந்தே எளிதாகக் கிடைத்துவிடும், ஜனவரி நடுவில் இங்கே யாரும் விடுமுறை கேட்பதில்லை. மகளின் பள்ளி விடுமுறை விழும் ஜூன் வாரம்தான் பத்தாண்டுகளாகக் கிடைக்காதது, இந்த ஆண்டு கிடைத்தது. தோழிக்குச் சொன்னேன். "எத்தனை நாள்?" என்றாள். ஒன்பது நாள். டிக்கெட் போட்டாயிற்று, திருச்சிக்கு.