மலை வீட்டுக்கு வாங்கிய கேண்டில் ஃபில்டர்

பீஞ்சமந்தை மலையில் இருக்கும் அத்தை வீட்டுக்காக ஒடுகத்தூரில் வாங்கிய எவர்சில்வர் தண்ணீர் ஃபில்டர் இது. மேலே ஒரு பாத்திரம், கீழே ஒரு பாத்திரம், நடுவில் தண்ணீரை வடிகட்டும் இரண்டு வெள்ளைப் பீங்கான் கேண்டில்கள். கரண்ட் வேண்டாம், அதுதான் பெரிய நிம்மதி.

“ஊத்துத் தண்ணிக்கு எதுக்கும்மா இதெல்லாம்?” என்றார் அத்தை. மழைக்குப் பிறகு கேண்டிலைக் கழற்றிக் காட்டினேன். செம்மண் வழவழவென்று அப்பியிருந்தது. அப்புறம் பேச்சே இல்லை, இப்போது அவரே கழுவுகிறார்.

சொட்டு குறைந்தால் மெத்தென்ற பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் போதும். சோப்பு கூடவே கூடாது. மயிரிழை விரிசல் கண்டாலும் உடனே மாற்றிவிடுங்கள், அதன் வழியே கிருமி நேராக இறங்கிவிடும். வைரஸ் இதில் முழுசாக நிற்காது. அதனால் கைக்குழந்தை உள்ள வீட்டில் வடிகட்டிய தண்ணீரையும் தளதளவென்று 1 நிமிடம் கொதிக்க வைத்தே கொடுங்கள்.

உப்பை எடுக்காது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் கழிவால் கெட்ட நிலத்தடி நீருக்கு இது சரிப்படாது.

குழாய் வாஷர் மட்டம், கசிகிறது. உதிரிக் கேண்டிலுக்கு மலையிலிருந்து இறங்கித்தான் வரணும், வாங்கும்போதே ஒரு ஜோடி கூடுதலாக வாங்கிவிடுங்கள்.