உப்புத் தண்ணீர் வீட்டுக்கு எந்த வாஷிங் மெஷின்?

சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் ஆறு வருஷம் ஃப்ரண்ட் லோடு மெஷின் ஓடியது. போன ஆடி மாதம் ஸ்பின் சுற்றும்போதெல்லாம் கல் உருட்டுகிற மாதிரி சத்தம். மெக்கானிக் கழற்றிக் காட்டினார். டிரம்மைப் பின்னாலிருந்து தாங்குகிற மூன்று கால் அலுமினியத் துண்டு, 'ஸ்பைடர்' என்றார், அதில் ஒரு கால் அரித்துப்போய்க் கை பட்டதும் உதிர்ந்தது. ஹீட்டர் மேல் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு. "போர் தண்ணியாம்மா?" என்று மட்டும் கேட்டார். மாற்றப் பதினான்காயிரம் ஆகும் என்றதும் விட்டுவிட்டேன்.

அந்த மெஷின் மேல் எனக்குக் கோபமே இல்லை. துவைப்பில் அதற்கு ஈடு கிடையாது. காலர் அழுக்கு சுடுதண்ணீரில் போய்விடும், 1,200 சுற்றில் பிழிந்து தரும், டாப் லோடைவிடத் தண்ணீரும் மிகக் குறைவு. எங்கள் தண்ணீர்தான் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது டாப் லோடு பார்க்கலாம் என்று கடைக்குப் போனோம். எத்தனை பேர், எத்தனை கிலோ என்று கேட்டார்கள். என்ன தண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை. ஹீட்டர் இல்லாத மாடல் என்றால் சுண்ணாம்புத் தொல்லை பாதி குறையும், சரி. ஆனால் கடைசி அலசலும் அதே உப்புத் தண்ணீரில்தானே? அதோடு நாங்கள் இருப்பது மேல்மாடி. கையேட்டில் 0.3 பார் அழுத்தம் வேண்டும் என்று போட்டிருந்தது. அப்படியென்றால் தொட்டி, குழாய்க்கு மேலே 3 மீட்டராவது இருக்க வேண்டும். எங்களுக்கு இரண்டுகூட இல்லை. பழைய மெஷினுக்காக வைத்த குட்டிப் பம்பும் போய்விட்டது.

கடைசியில் 7.5 கிலோ செமி ஆட்டோமேட்டிக் வாங்கினேன். துவைக்க ஒரு டப், பிழிய ஒரு டப், தண்ணீர் விடுவதும் துணியை மாற்றுவதும் நாம்தான். எட்டு மாதமாகிறது. இதில் நான் கண்ட பெரிய நிம்மதி, எந்த நேரத்தில் எந்தத் தண்ணீர் என்பது என் கையில் இருக்கிறது. துவைப்பதும் முதல் அலசலும் போர் தண்ணீரில். பிள்ளைகளின் வெள்ளை யூனிஃபார்முக்கு மட்டும் கடைசி அலசல், தனியாகத் தண்ணீர் டிரம்மில் பிடித்து வைத்த மெட்ரோ தண்ணீர், மூன்று வாளி. பழுப்பேறுவது நின்றுவிட்டது. வெள்ளைத் துணி துவைத்த சோப்புத் தண்ணீரிலேயே கலர் துணி, அதற்கப்புறம் மிதியடி. கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் வீட்டில் இது சாதாரண விஷயமில்லை.

கஷ்டமும் இருக்கிறது. பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஈரப் போர்வையைத் தூக்கி ஸ்பின் டப்பில் போடுவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். ஸ்பின் டப் சின்னது, ஒரு தடவை துவைத்ததை மூன்று தடவையாகப் பிழிகிறேன். துணியைச் சமமாகப் பரப்பி, மேலே அந்த பிளாஸ்டிக் தட்டை அமுக்கி வைக்காவிட்டால் மெஷினே நகரும். அடியில் எலி வலை கட்டாயம் மாட்டச் சொல்லுங்கள். கீழே திறந்துதான் இருக்கும், வயரைக் கடித்துவிடும். முட்டிவலியோடு இருக்கிற என் மாமியாரால் இதை இயக்க முடியாது. வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன், டாப் லோடுதான்.

கோயம்புத்தூரில் இருக்கும் தங்கை போன வாரம் கேட்டாள், "அக்கா, நானும் செமியே வாங்கட்டுமா?" அவள் வீட்டுக் குழாயில் வருவது சிறுவாணி ஆற்றின் நல்ல தண்ணீர். ஃப்ரண்ட் லோடே வாங்கு என்றேன்.