செம்புக் கம்பியை விட்டு ஃபைபர் தொலைபேசிக்கு மாறி 3 வருடம்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு 04-இல் தொடங்கும் எண் வந்து 30 வருடத்துக்கு மேல் ஆகிறது. அம்மாவுக்கு இப்போது 76 வயது. கைப்பேசி வாங்கிக் கொடுத்திருக்கிறோம், ஆனால் அது பாதி நாள் சார்ஜ் இல்லாமல் தலையணைக்கு அடியில் கிடக்கும். சுங்கை பட்டாணி சித்தி ஆனாலும், ஆயர் ஈத்தாமில் இருக்கும் தங்கை ஆனாலும், வீட்டு எண்ணுக்குத்தான் அழைப்பார்கள். அதனால் பழைய செம்புக் கம்பி இணைப்பை எடுத்துவிட்டு இணையம் வழியாக வரும் தொலைபேசிக்கு மாறலாமா என்ற பேச்சு வந்தபோது நான் உடனே சரி என்று சொல்லவில்லை. 6 மாதம் யோசித்தேன்.

கடைசியில் மாற வைத்தது மழைதான். மழை பிடித்தால் லைனில் கரகரவென்று சத்தம், எதிரில் பேசுவது பாதிதான் கேட்கும். இடி விழுந்து இரண்டு மோடம் எரிந்து போயின. ஒரு முறை தெருவில் யாரோ செம்புக் கேபிளை வெட்டித் திருடிக்கொண்டு போக, 9 நாள் தொலைபேசியே இல்லை. ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதில் மின்சாரம் பாயாது, திருடி விற்கவும் ஒன்றும் கிடைக்காது.

மாறியதும் குரல் தெளிவாகிவிட்டது. “சித்தி பக்கத்து ரூம்ல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு” என்றார் அம்மா. இந்த 3 வருடத்தில் மழையால் ஒரு பேச்சுகூடக் கெட்டதில்லை.

பலரும் என்னிடம் கேட்பது இணைய வேகத்தைப் பற்றித்தான். அதற்குக் கவலையே வேண்டாம். குரலை இணையத்தில் அனுப்பும் வடிவத்துக்கு மாற்றச் சாதாரணமாகப் பயன்படும் ஜி.711 முறையில் ஒரு அழைப்பின் குரலுக்கு விநாடிக்கு 64 கிலோபிட் போதும். குரலோடு சேர்ந்து போகும் முகவரி போன்ற கூடுதல் தகவலைச் சேர்த்தாலும் பொதுவாக 100-ஐத் தாண்டாது. வேகத்தைவிட, குரல் துண்டுகள் தாமதமில்லாமல் சீராக வந்து சேர்வதுதான் முக்கியம். எங்கள் இணைப்பில் குரலுக்குத் தனி வழி ஒதுக்கியிருப்பதால் பிள்ளைகள் என்ன பார்த்தாலும் பேச்சு அறுவதில்லை. சாதாரணத் தொலைபேசியை இணையத்தோடு இணைக்கும் கருவியைத் தனியாக வாங்கி ரௌட்டரில் மாட்டுகிறவர்கள் மட்டும் குரலுக்கு முன்னுரிமை கொடுத்து ரௌட்டரை அமைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் யாராவது பெரிய வீடியோவை ஏற்றும் நேரத்தில் பேச்சு விட்டு விட்டுக் கேட்கும்.

நீங்கள் யோசிக்க வேண்டியது கரண்டைப் பற்றி. பழைய லைனுக்குத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பி வழியாக 48 வோல்ட் வரும். அங்கே பெரிய பேட்டரிகள் இருப்பதால் வீடே இருட்டானாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கும். ஃபைபரில் அது கிடையாது. நிறுவ வந்தவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மாறி 4 மாதம் இருக்கும். நான் வேலையில் இருந்தேன், அம்மா தனியாக இருந்தார். சாயங்கால மழையில் கரண்டு போனது. குளியலறை வாசலில் வழுக்கி முழங்காலில் அடி. தவழ்ந்து வந்து ரிசீவரை எடுத்திருக்கிறார், ஒரு சத்தமும் இல்லை. கைப்பேசியிலும் சார்ஜ் இல்லை. கடைசியில் வாசல் கேட்டின் கம்பியைச் செருப்பால் தட்டித் தட்டி, அந்தச் சத்தம் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்டிருக்கிறது. எலும்பு முறியவில்லை. ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாளே, கரண்டு போனால் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வாங்கி ரௌட்டருக்குப் போட்டேன். கரண்டை நிறுத்திப் பார்த்தால் ரௌட்டரில் விளக்கு எரிகிறது, தொலைபேசி செத்துக் கிடக்கிறது. சுவரில் ஃபைபர் வந்து சேரும் சிறிய பெட்டிக்கும் தனி மின் அடாப்டர் இருப்பதைக் கவனிக்கவில்லை. இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் டயல் டோன் வந்தது. வாங்கும் முன் இரண்டு அடாப்டரிலும் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பாருங்கள். கம்பியில்லாத் தொலைபேசியின் அடித்தட்டுக்கும் கரண்டு வேண்டும் என்பதால் அதை எடுத்துவிட்டு, சுருள் வயர் உள்ள பழைய கறுப்புத் தொலைபேசியையே திரும்ப மாட்டினேன். வீட்டில் வயதானவர் தனியாக இருந்து, இந்த ஏற்பாடும் இல்லையென்றால் மாறாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன்.

எண் மாறாது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அதே எண் கிடைத்தது, ஆனால் உயிர் பெற 4 நாள் ஆனது. திருட்டு அலாரம் தொலைபேசிக் கம்பியோடு இணைந்திருந்தால் அலாரம் போட்டவரிடம் முதலில் கேளுங்கள். வாட்ஸ்அப் இருக்கிறதே, வீட்டு எண் எதற்கு என்பவர்களுக்கு: வாட்ஸ்அப்பில் அவசர உதவி எண் 999-ஐ அழைக்க முடியாது.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நான் இரண்டு அடாப்டரையும் பிடுங்கிவிடுவேன். அம்மா கறுப்புத் தொலைபேசியில் தங்கையை அழைப்பார். புதிதில் பேட்டரி 3 மணி 10 நிமிடம் தாங்கியது. இரண்டு வருடம் கழித்து 1 மணி 20 நிமிடத்துக்கு இறங்கியதும் புதிது மாற்றினேன். இப்போதெல்லாம் நான் மறந்தாலும் அம்மா விடுவதில்லை. “இன்னிக்கு ஞாயித்துக்கிழம, வயர புடுங்குப்பா” என்று காலை பசியாறும்போதே ஞாபகப்படுத்துகிறார்.