கரேய்கவா ரயில் நிலையம்: சாப்பாட்டுக்காகப் போனாலும் ரயிலிலேயே போங்கள்

ஜப்பானின் தெற்கே, ககோஷிமா விமான நிலையத்திலிருந்து காரில் போனால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் ஊர் கரேய்கவா. கிரிஷிமா நகராட்சிக்குள் இருந்தாலும் பார்த்தால் கிராமம்தான். சுற்றிலும் மலை, மரம், நடுவில் சில வீடுகள். அங்கே 1903 ஜனவரி 15 அன்று திறந்த மர ரயில் நிலையம் இன்னும் அப்படியே நிற்கிறது. ஜப்பானில் பழைய மர நிலையங்களை இடித்துவிட்டு, பேருந்து நிறுத்தம் அளவுக்கு ஒரு கூரையைப் போட்டுவிட்டுப் போவது சகஜம். அதனால் இது தப்பித்தது பெரிய விஷயம்.

கூட வந்த நண்பர் வாடகைக் கார் எடுக்கலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ரயில் நிலையத்தைப் பார்க்கக் காரில் போவது என்ன நியாயம்? ககோஷிமா நகரின் பிரதான நிலையமான ககோஷிமா-சூவோவில் ஏறி, சகுராஜிமா எரிமலையை வலப்பக்கம் பார்த்தபடி ஹயாடோ வரை வந்து, அங்கே ஹிசாட்சு தடத்து டீசல் ரயிலுக்கு மாறினோம். ஹயாடோவிலிருந்து நான்காவது நிறுத்தம் கரேய்கவா. ஒரே ஓட்டுநர், நடத்துநர் கிடையாது. ஏறும்போது இயந்திரத்திலிருந்து எண் அச்சிட்ட சீட்டைக் கிழித்துக்கொள்ள வேண்டும். இறங்கும்போது அந்தச் சீட்டோடு காசை ஓட்டுநர் பக்கத்துப் பெட்டியில் போட வேண்டும். அட்டையைத் தட்டிவிட்டுப் போகும் வேலையெல்லாம் இங்கே நடக்காது, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

நடைமேடையில் இறங்கியதும் கண்ணில் படுவது கூரைதான். ஓடு வேய்ந்த கூரை தாழ்வாக நீண்டு வந்து, மரத்தூண்கள்மேல் உட்கார்ந்திருக்கிறது. மழை பெய்தால் நனையாமல் ரயிலுக்குக் காத்திருக்கலாம். சுவர்ப் பலகைகளை ஒன்றின் விளிம்பின்மேல் இன்னொன்று வருமாறு அடித்திருக்கிறார்கள். வெயிலும் மழையும் தின்று, மரத்தின் வரிகள் விரலில் தட்டுப்படும் அளவுக்கு மேடாகிவிட்டன. உள்ளே சீட்டு கொடுத்த ஜன்னல், ஆட்கள் வரிசையாக வர மரத்தில் அடித்த தடுப்பு, உட்கார்ந்து உட்கார்ந்தே வழவழப்பாகிப்போன பெஞ்ச். அந்தப் பெஞ்சின் ஓரத்தைத்தான் நான் ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தேன். நடுவைவிட ஓரம்தான் அதிகம் தேய்ந்திருந்தது. எழுந்திருக்கும்போது எல்லோரும் அங்கே கையை ஊன்றியிருப்பார்கள் போலிருக்கிறது.

இந்தத் தடம் முன்பு இவ்வளவு ஒதுக்குப்புறம் இல்லை. 1909ல் வேலை முடிந்தபோது, வடக்கே மோஜியிலிருந்து ககோஷிமா வரை போகிற பிரதான பாதையே இதுதான். கடலோரமாகத் தண்டவாளம் போட்டால் எதிரிக் கப்பல்கள் சுட்டுவிடும் என்று ராணுவம் அஞ்சியதால்தான் மலைக்குள் கொண்டுவந்தார்கள் என்பார்கள். மலையைச் சமாளிக்கச் சுரங்கம், வட்டமடித்து ஏறும் பாதை, முன்னும் பின்னும் போய் மேலேறும் பாதை என்று வடக்குப் பகுதியில் படாதபாடு பட்டிருக்கிறார்கள். கடைசியில் 1927ல் கடலோரப் பாதையும் வந்துவிட்டது. பிரதானப் பாதை என்ற பெயரும் விரைவு ரயில்களும் அந்தப் பக்கம் போய்விட்டன. இது ஹிசாட்சு என்ற கிளைத்தடமாகி மலைக்குள்ளேயே நின்றுவிட்டது.

எனக்குத் தோன்றுவது, இப்படி மவுசு குறைந்ததுதான் இந்தக் கட்டடத்தைக் காப்பாற்றியது. கூட்டம் இருந்திருந்தால் எப்போதோ இடித்துக் கான்கிரீட்டில் கட்டியிருப்பார்கள். 2006ல் அரசு இதைப் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவு செய்தது. கரேய்கவாவைப் போலவே 1903ல் கட்டி இதே தடத்தில் இன்னும் நிற்கிற ஓசுமி-யோகோகவா நிலையமும் அப்போது பதிவானது. அங்கே ஒரு தூணில் போர்க்காலத்தில் விமானத்திலிருந்து சுட்ட குண்டின் துளை இருக்கிறது. நேரம் இருந்தால் அதையும் பாருங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் வருவதே அதற்குத்தான். ரயில் நிலையங்களில் விற்கும் பொட்டலச் சாப்பாட்டை எகிபென் என்பார்கள். இங்கே கிடைப்பதன் பெயர் ‘நூறாண்டுப் பயணக் கதை கரேய்கவா’. நிலையம் 2003ல் நூறு ஆண்டு கண்டதை நினைத்து வைத்த பெயர். மூங்கில் பட்டையில் செய்த பெட்டி. திறந்தால் முதலில் வருவது ஷிடாகே காளான் வாசனை. காளானும் மூங்கில் குருத்தும் போட்டு வேகவைத்த சாதம் பழுப்பாக இருக்கும். காரம் கிடையாது, உப்பும் அளவுதான், ஆனால் ஆறிப்போன பிறகும் ருசி இறங்கவில்லை. எகிபென்னுக்கு அதுதான் முக்கியம். பக்கத்தில் மிசோ என்ற புளித்த சோயா விழுது தடவிய கத்தரிக்காய், கட்லெட் மாதிரியான குரோக்கே, முள்ளங்கி, அப்புறம் சர்க்கரைவள்ளிக் கிழங்கை நீளநீளமாக நறுக்கி மாவில் முக்கிப் பொரித்த ‘கனே’. துண்டுகள் நண்டுக்கால் மாதிரி நாலாபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும். ககோஷிமாக்காரர்கள் வீட்டில் செய்கிற பண்டம் இது. கொஞ்சம் இனிப்பு, ஓரத்தில் மொறுமொறுப்பு. இரண்டு பெட்டி வாங்கியிருந்தோம். நண்பர் தன் பங்கு கனேயை முதலிலேயே முடித்துவிட்டு என் பெட்டியைப் பார்க்க ஆரம்பித்தார்.

ககோஷிமா இருக்கிற கியூஷு தீவின் எகிபென் போட்டியில் தொடர்ந்து முதலிடம் வாங்கிய பெட்டி என்பதால் எதிர்பார்ப்போடு வருகிறவர்கள் அதிகம். ஆடம்பரமாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். மாட்டிறைச்சியும் நண்டும் அடுக்கிய பெட்டி அல்ல, அந்த ஊர்க் காய்கறிச் சாப்பாடு. எனக்கு அதுதான் பிடித்தது. காய்கறிதானே என்று சைவக்காரர்கள் நம்பி வாங்கிவிட வேண்டாம். ஜப்பானியச் சமையலில் கொதிநீரிலேயே மீன் கலந்திருப்பது வழக்கம், கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். விற்பனை சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும், அதுவும் தீரும்வரைதான். மதியம் ஆடி அசைந்து போனால் காலிப் பெட்டிகூடக் கிடைக்காது. ஜப்பானிய மொழி தெரிந்தவர் கூட இருந்தால் முன்கூட்டியே சொல்லி வைப்பது உத்தமம்.

ஒரு குறை சொல்ல வேண்டும். நாங்கள் பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெளியே கார்கள் வந்துகொண்டே இருந்தன. இறங்குகிறார்கள், படம் பிடிக்கிறார்கள், பெட்டி வாங்குகிறார்கள், போகிறார்கள். அப்புறம் ஒரு ரயில் வந்து நின்றது. அத்தனை பேரும் செல்பேசியைத் தூக்கினார்களே தவிர ஒருவர்கூட ஏறவில்லை. ‘ஹயாடோ நோ காஸே’ என்ற கறுப்பு நிறச் சுற்றுலா விரைவு ரயில் 2004 மார்ச்சிலிருந்து இங்கே நின்று போனது. 2022 மார்ச்சில் அதையும் நிறுத்திவிட்டார்கள். வடக்கே யாட்சுஷிரோவிலிருந்து யோஷிமாட்சு வரையிலான பகுதி 2020 ஜூலை வெள்ளத்தில் அடிபட்டு ஓடாமல் நின்றுபோனது. ஆள் ஏறாத தடத்தை ஒரு நிறுவனம் எத்தனை நாள் ஓட்டும்? நிலையம் வேண்டும், சாப்பாடு வேண்டும், ரயில் மட்டும் வேண்டாம் என்றால் எப்படி?

ரயில்கள் குறைவு என்பது உண்மைதான், ஒன்றைத் தவறவிட்டால் நெடுநேரம் உட்கார வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் இந்த மலைத்தடம் அடிக்கடி நிற்கும், கிளம்பும் முன் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். இடைவெளி அதிகமாக இருந்தால் அமோரி ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிற மியோகென் வெந்நீர் ஊற்றுக்குப் போய்க் குளித்துவிட்டு வரலாம். நிலையத்தில் ஊழியர் யாரும் இல்லை. ஊர்க்காரர்கள் பெருக்கித் துடைத்துப் பார்த்துக்கொள்கிற இடம், குப்பையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

நிலையத்துக்கு ஐந்துக்கு ஐந்து. சாப்பாட்டுக்கு நாலரை, குறைத்த அந்த அரை மதிப்பெண், கனேயை இன்னும் இரண்டு வைக்காததற்கு. ரயில் நேரத்துக்கு இரண்டு.