ஆமைக்குட்டி "குளிர்காலத் தூக்கம்" தூங்குகிறது என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்: 418 சிங்கப்பூர் வெள்ளி போனது, ஒரு உயிரும் போனது

நேற்று நடந்தது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஆமை வளர்ப்பவர்கள், பிள்ளைக்கு வாங்கித் தரலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் மகனுக்கு இரண்டு ஆமைக்குட்டி வாங்கினோம். சிவப்புக் காது ஆமை. ஒரு வெள்ளி நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. எங்கள் வட்டாரத்தில் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் கடைதான், பெயர் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறோம், அதுவரை வேண்டாம் என்று கணவர் சொல்லிவிட்டார். குட்டிகள், தொட்டி, வடிகட்டி, தீனி எல்லாம் சேர்த்து 150 வெள்ளி. விளக்கு வேண்டாமா என்று நானே கேட்டேன். "ஜன்னல் வெளிச்சம் போதும்க்கா" என்றார் கடைக்காரத் தம்பி. சரி என்று வந்துவிட்டேன்.

ஜனவரி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் இரண்டும் தீனியைத் தொடவில்லை. தொட்டி இருப்பது மகன் அறையில், இரவெல்லாம் ஏர்கான் ஓடும். ஒன்று தண்ணீரில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே மிதந்தது. பயந்துபோய் வீடியோ எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

அந்த இடத்தில்தான் ஏமாந்தேன். அந்தத் தம்பி நம் ஆள், தமிழ்தான் பேசுவார். என்னை உட்காரச் சொல்லி, மகன் என்ன படிக்கிறான் என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் வீடியோவைப் பார்த்தார். அதையும் பாதிதான் பார்த்தார். "அக்கா, இது அமெரிக்கா ஆமை. டிசம்பர், ஜனவரி வந்தா அதுக்கு உடம்பே சொல்லிடும், தூங்கப் போகுது. எல்லாருக்கும் இதைத்தான் சொல்றேன். நல்லா தூங்கி எழுந்தா அப்புறம் எப்படி வளரும் பாருங்க" என்றார். குளிர்நாட்டில் ஆமை பனிக்காலத்தில் உறங்கும் என்று நானும் படித்திருக்கிறேன். அதனால் சந்தேகமே வரவில்லை. உடனே "உறக்கப் பெட்டி" என்று ஒன்றை எடுத்து வைத்தார். மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரப் பாசி, கூடவே ஒரு சின்ன மருந்துக் குப்பி. 88 வெள்ளி. "ஏர்கான் ரூம்ல 22ல வைங்க. மூணு வாரம் திறக்கவே கூடாது, திறந்தா செத்துடும்" என்று என்னைப் பயமுறுத்தியும் அனுப்பினார்.

88 வெள்ளியைக் கைபேசியில் பேநவ் வழியாகக் கட்டினேன். மகன் அந்த டப்பாமேல் "தூங்குது, சத்தம் போடாதீங்க" என்று தமிழில் எழுதி ஒட்டினான். வீட்டில் ஒன்பது நாள் கதவைக்கூட மெல்லத்தான் சாத்தினோம்.

ஒன்பதாவது நாள், அதாவது நேற்று மாலை, "அம்மா, பெட்டிக்குள்ள டிக் டிக்னு சத்தம் வருது" என்றான். திறந்தேன். நாற்றம் முகத்தில் அடித்தது. ஒன்று செத்துக் கிடந்தது, ஓடு என் விரலுக்குக் கீழே அமுங்கியது. இன்னொன்றின் இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன. மூக்கில் ஒரு குமிழி வருவதும் உடைவதுமாக இருந்தது. அது வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்த சத்தத்தைத்தான் பிள்ளை கேட்டிருக்கிறான்.

எல்லா விலங்கு மருத்துவரும் ஆமை பார்ப்பதில்லை. நாலு இடத்துக்குப் போன் போட்டு, இரவு எட்டரைக்கு ஒருவர் பார்த்தார். 180 வெள்ளி. நுரையீரல் தொற்று என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இதுதான் முக்கியம்.

இந்த ஆமையின் சொந்த இடம் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம். அங்கே தண்ணீர் 10 டிகிரிக்கும் கீழே போகும்போது அது சேற்றில் அடங்கிக் கிடக்கும். அதற்கு முன்பே தின்பதை நிறுத்தி, குடலைக் காலியாக்கிக்கொள்ளும். மாதக்கணக்கில் தாங்கும் அளவுக்கு உடம்பில் சேமிப்பும் இருக்கும். வீட்டுக்குள் வளரும் குட்டிக்கு இந்த உறக்கம் தேவையே இல்லை. சிங்கப்பூரில் ஏது பனிக்காலம்? மழை நாளிலேயே 23, 24 டிகிரிதான். ஏர்கான் அறையின் 22 டிகிரி இருக்கிறதே, அதுதான் இரண்டுங்கெட்டான். உறங்கும் அளவுக்குக் குளிரும் இல்லை, தின்றது செரிக்கும் அளவுக்குச் சூடும் இல்லை. நோயை எதிர்க்கும் சக்தி இறங்கிவிடும், உடம்பிலிருக்கும் கொஞ்சநஞ்சமும் கரைந்துகொண்டே போகும். இந்த ஊரில் ஆமைக்குட்டி தின்னாமல் சுருண்டு கிடந்தால் அதற்கு உடம்பு சரியில்லை என்று பொருள். சாய்ந்து மிதந்தபோதே கொண்டுவந்திருந்தால் இரண்டையும் காப்பாற்றியிருக்கலாம் என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஓடு மெத்தென்று ஆனதற்கும் காரணம் சொன்னார். ஓடு கெட்டிப்படப் புற ஊதா வெளிச்சம் வேண்டும், ஜன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடும். "ஜன்னல் வெளிச்சம் போதும்க்கா" என்றவரை என்ன செய்வது?

கடைக்குப் போன் போட்டேன். முதலில், "செத்திருக்காதுக்கா, நல்லா தூங்குது, தண்ணில விட்டுப் பாருங்க." படம் அனுப்பினேன். உடனே, "நீங்க பெட்டியத் திறந்துட்டீங்கல்ல, அதான்." மருத்துவர் ரசீதை அனுப்பினேன். "பாஸ் ஜோகூர் போயிருக்கார், திங்கட்கிழமை பேசுங்க." இன்று நேரில் போனால், ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டுகிறார்: உயிருள்ளவற்றுக்கு உத்தரவாதம் இல்லையாம். வேண்டுமானால் அடுத்த குட்டியைப் பாதி விலைக்குத் தருகிறாராம். பிள்ளை பக்கத்தில் நிற்கும்போதே அதைச் சொன்னார். இப்போது வாட்ஸாப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது, பதில் இல்லை.

150, 88, 180. மொத்தம் 418 வெள்ளி. எங்களுக்கு 418 வெள்ளி சின்னத் தொகை இல்லை. அதைவிட, அந்த 88 வெள்ளியை என் கையாலேயே கட்டி அந்தக் குட்டியை டப்பாவுக்குள் வைத்தேனே, அதுதான் தாங்க முடியவில்லை.

சொல்கிறேன் என்றவை, அவசரமாக:

தின்னாமல் இருந்தால், சாய்ந்து மிதந்தால், கண் வீங்கினால், மூக்கில் குமிழி வந்தால் கடைக்குப் போகாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். குட்டிக்குத் தண்ணீர் 26 முதல் 28 டிகிரி, ஏறி உட்காரும் இடம் அதைவிடச் சூடாக, புற ஊதா விளக்கும் வேண்டும். ஏர்கான் அறையில் தொட்டி வேண்டாம். ஆமையைத் தொட்டால் பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சால்மோனெல்லா கிருமி இருக்கும். வளர்க்க முடியவில்லை என்று நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய் விடாதீர்கள், அது குற்றம். வாங்கும்போதே ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள், கடைக்காரர் சொல்வதை வாட்ஸாப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் அதைச் செய்யவில்லை.

இன்னும் எழுத நினைத்தேன், முடியவில்லை. பயனீட்டாளர் சங்கத்துக்கு எழுதிவிட்டேன், அங்கே தீராவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். இதே போல் "உறக்கப் பெட்டி" வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால் ரசீதோடு எனக்குச் செய்தி அனுப்புங்கள். மிச்சமிருக்கும் குட்டிக்கு நாளைக் காலை பத்து மணிக்கு இரண்டாவது ஊசி. கண் இன்னும் திறக்கவில்லை.