ஒரு கெபாசிட்டருக்காகக் கைவிடச் சொன்ன கார்டு: ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ, நீண்டகால அனுபவம்

பழைய ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கிராபிக்ஸ் கார்டு ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அந்தக் கார்டில்தான் என் பிழைப்பு ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியும். அது அண்மையில் செத்துப் பிழைத்தது தெரியாது. ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2020 டிசம்பரில் என்விடியா இதை வெளியிட்டபோது அறிவித்த விலை 399 டாலர். அந்த விலைக்கு வாங்கிய ஒருவரை நான் பார்த்ததில்லை. எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைக் கார்டுகளை வைத்துத் தோண்டுகிறவர்கள் கடைகளைத் துடைத்தெடுத்த காலம் அது. நான் கொடுத்த தொகையை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஆனால் கொடுத்த காசுக்கு உழைத்திருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். திருமண வீடியோ எடிட்டிங் என் தொழில். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் நிறத்திருத்தம், இரைச்சல் நீக்கம் எல்லாம் இந்தக் கார்டின் தலையில்தான் விழும். முகூர்த்த மாதங்களில் இரவெல்லாம் ரெண்டர் ஓடும், சளைத்ததில்லை. 8 ஜிபி நினைவகம் இப்போது இறுக்கமாகத்தான் இருக்கிறது. 4:2:2 என்ற, நிற விவரம் கூடுதலான பதிவில் வரும் கேமரா கோப்புகளை விரிக்கும் வசதி இந்தத் தலைமுறைச் சில்லில் இல்லை. அதற்குப் புதிய இன்டெல் பிராசஸர்களில் உள்ள குவிக் சிங்க் என்ற வீடியோ விரிக்கும் பகுதியைத்தான் நம்ப வேண்டும். இவை தெரிந்தே வாங்கியவை, குறையாகச் சொல்லவில்லை.

வாங்கிய நாள் முதல் கண்ணை உறுத்தியது வேறொன்று. சில்லு என்விடியாவுடையது, பலகையும் குளிர்விப்பானும் வேறொரு நிறுவனத்துடையவை. அந்த நிறுவனம் மூன்று விசிறிகளையும் ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள அலுமினியத் தகடுகளையும் ஏற்றி, தாங்குவதற்கு ஒரு முட்டுக்கூடக் கொடுக்காமல் பெட்டியை மூடிவிட்டது. ஒரு முனையில் இரண்டு திருகாணி, நடுவில் கார்டைச் செருகும் பிசிஐ ஸ்லாட், மறுமுனை அந்தரத்தில். ஒரு காலத்தில் கணினிப் பெட்டி மேசைமேல் படுத்துக் கிடக்கும், கார்டு அதில் நேராக நிற்கும். பெட்டி எழுந்து நின்றது, கார்டு படுத்துக்கொண்டது, எடை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. என் கார்டின் நுனி தொங்குவது வெறும் கண்ணுக்கே தெரியும். கடையில் சில நூறு ரூபாய்க்கு ஒரு தாங்கி வாங்கி நானே வைத்தேன்.

மூன்றாண்டு வாரண்டி முடிந்து நெடுநாளான பிறகு, ஒரு காலையில் பொத்தானை அழுத்தினால் விசிறிகள் அரைச் சுற்று சுற்றி நின்றன. மறுபடி அழுத்தினாலும் அதே அரைச் சுற்று. கார்டைக் கழற்றிவிட்டு இயக்கினால் கணினி சமர்த்தாக எழுந்தது. எங்கோ 12 வோல்ட் பாதை நேரே தரையோடு, அதாவது மின்சாரம் திரும்பும் பாதையோடு, சேர்ந்து ஷார்ட் ஆகிவிட்டது, பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள உடனே அணைந்துவிடுகிறது என்பதுதான் இதற்குப் பொருள்.

நிறுவனத்தின் சேவை மையத்தில் கார்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வரிசை எண்ணைத் தட்டினார்கள், வாரண்டி முடிந்துவிட்டது என்றார்கள், பாகங்களை மாற்றித் தரும் வழக்கம் இல்லை என்றார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யலாமே என்று கேட்டதற்கும் அதே பதில். அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஒரு பலகையில் நூற்றுக்கணக்கான பாகங்கள். ஒன்றை மாற்றி அனுப்பினால் அடுத்த மாதம் இன்னொன்று போகலாம், அப்போது பழி அவர்கள் மேல்தான் வரும். இது எனக்குப் புரிகிறது. ஆனால் என்ன பழுது என்று சொல்லக்கூட ஒரு மல்டிமீட்டரை எடுக்காததைத்தான் பொறுக்க முடியவில்லை.

அங்கிருந்து வந்து விசாரித்த ஒரு கடையில், சில்லுக்குச் சூடு கொடுத்தால் உயிர் வந்துவிடும் என்றார்கள். தயவு செய்து இதற்கு யாரும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஷார்ட் ஆன மின்பாதைக்கும் சில்லின் அடியில் உள்ள ஈயக் குண்டுகளுக்கும் சம்பந்தமே இல்லை. அப்படிச் சூடேற்றிப் பிழைத்ததாகச் சொல்லப்படும் கார்டுகளும் பெரும்பாலும் சில வாரங்களில் மறுபடி படுத்துவிடும். நன்றாக இருக்கும் சில்லையும் சேர்த்துக் கொல்லும் வழி அது.

கடைசியில் சென்னையில் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில், மாடியில் ஒற்றை மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன். எதிரில் உட்கார வைத்துக்கொண்டு வேலையைச் செய்தார். குளிர்விப்பானைக் கழற்றினார். பவர் சப்ளையிலிருந்து மின்சாரம் வரும் எட்டு முள் இணைப்பின் 12 வோல்ட் முனையில் மீட்டரின் ஒரு முள்ளையும் தரையில் மறு முள்ளையும் வைத்தார். மின்தடை ஏறத்தாழ சுழியம். ஸ்லாட் வழியாக வரும் 12 வோல்ட்டில் ஷார்ட் இல்லை. அடுத்து அவர் பார்த்ததுதான் முக்கியம்: 12 வோல்ட்டுக்கும் சில்லுக்குப் போகும் காயில்களுக்கும் (கம்பிச்சுருள்களுக்கும்) இடையில் தொடர்பு இருக்கிறதா? 12 வோல்ட்டை ஏறக்குறைய ஒரு வோல்ட்டாகக் குறைத்துச் சில்லுக்குக் கொடுக்கும் மாஸ்பெட் என்ற மின் சுவிட்சுகளில் மேல்பக்கத்தது ஷார்ட் ஆகியிருந்தால், 12 வோல்ட்டும் நேரே சில்லுக்குள் பாய்ந்து அதைக் கருக்கியிருக்கும். அப்படி ஆகவில்லை. "சில்லு தப்பித்துவிட்டது சார்" என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பிறகு நடந்ததை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன். மேசை பவர் சப்ளையில் ஒரு வோல்ட் மட்டும் வைத்து, அந்த 12 வோல்ட் பாதையில் மின்னோட்டத்தைச் செலுத்தினார். தூரிகையால் பலகை முழுவதும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தடவினார். எல்லா இடமும் ஈரமாகப் பளபளத்தது. சில நொடிகளில் ஒரே ஓர் இடம், ஸ்லாட்டுக்கு மேலே ஒரு காயிலின் அருகில், உலர்ந்து வெளுத்தது. ஷார்ட் ஆன பாகத்தில்தான் மின்னோட்டமெல்லாம் குவியும், அதுதான் சுடும், அங்கேதான் ஆல்கஹால் முதலில் ஆவியாகும். சுற்றுப்படம் இல்லாமல், விலையுயர்ந்த வெப்பக் கேமரா இல்லாமல், பழுதைப் பலகையே காட்டிக்கொடுத்தது.

அரிசி மணியைவிடச் சிறிய பழுப்பு நிறச் செராமிக் கெபாசிட்டர் அது, மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் பாகம். கீழேயிருந்து பலகைக்குச் சூடு கொடுத்து, மேலே ஹாட் ஏர் பிடித்து எடுத்தார். பலகையின் உள்ளே இருக்கும் தரைச் செம்பு வெப்பத்தை உறிஞ்சிவிடும் என்பதால், மேலிருந்து மட்டும் காற்றடித்தால் ஈயம் இளகாது. எடுத்ததும் மீட்டர் ஆயிரக்கணக்கான ஓம்களுக்கு ஏறியது. லென்ஸில் காட்டினார்: ஈயம் பிடித்திருந்த விளிம்பிலிருந்து சாய்வாக ஒரு மயிரிழை விரிசல். செராமிக் வளையாது, பலகை வளைந்தால் இதில் விரிசல் விழும். விழுந்த விரிசல் அன்றே கொல்வதில்லை, உள்ளடுக்குகள் ஒன்றையொன்று தொட மாதங்கள் ஆகலாம். நான் தாங்கி வைப்பதற்கு முன்பே இது விழுந்திருக்க வேண்டும் என்றார்.

அதே பாதையில் பக்கம் பக்கமாக நிறைய கெபாசிட்டர்கள் இருப்பதால் அந்த இடத்தைக் காலியாக விட்டாலும் கார்டு ஓடும். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மின்னழுத்த அலைவு கூடும், மற்றவற்றின் மேல் சுமை ஏறும் என்று சொல்லி, செத்த கார்டு ஒன்றிலிருந்து அதே மதிப்பும் அதே வோல்ட் தாங்குதிறனும் உள்ள ஒன்றை எடுத்து வைத்தார். பாகங்களின் சூட்டைக் குளிர்விப்பானுக்குக் கடத்தும் வெப்பப் பட்டைகளை மாற்றும்போது பழையவற்றின் தடிமனை அளந்து அதே தடிமனில் வெட்டினார். அது சற்று கூடினாலும் குளிர்விப்பான் சில்லின் மேல் சரியாக உட்காராது. அவர் வாங்கிய கூலி, புதிய கார்டு விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

என் கோபம் இங்கேதான் தொடங்குகிறது. வளைவினால் கெபாசிட்டரில் விரிசல் விழுவது நேற்றுக் கண்டுபிடித்த செய்தி அல்ல. வளையும் திசைக்கு நெடுக வைக்காமல் குறுக்காக வைத்தால் அது கூடுதலாகத் தாங்கும் என்பது பலகை வடிவமைப்பின் பாலபாடம். முனைகளில் நெகிழும் அடுக்கு வைத்த கெபாசிட்டர்களைக் கார்களில் பயன்படுத்துகிறார்கள். என் கார்டில், வளைவு அதிகம் விழும் இடத்தில், வளைவின் திசையிலேயே வரிசையாக நிற்க வைத்திருக்கிறார்கள். வெறும் கம்பித் தாங்கி ஒன்றை உடன் கொடுத்திருந்தால்கூட இது நடந்திருக்காது. பின்னால் வந்த பெரிய கார்டுகள் பலவற்றுக்குத் தாங்கி கொடுக்கிறார்கள் என்றால், தேவை தெரியும் என்றுதானே பொருள்? மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. மின்னணுக் கருவிகளும் அதில் ஒரு பிரிவு. ஆனால் கிராபிக்ஸ் கார்டின் சுற்றுப்படத்தைக் கேட்டால் நிறுவனங்கள் இன்றும் கையை விரிக்கின்றன. ரிச்சி தெருக்காரர் தம் அனுபவத்தாலும் செத்த கார்டுகளைப் பிரித்துப் பார்த்தும் சேர்த்த அறிவில்தான் வேலை செய்கிறார்.

கார்டு இப்போது முன்பைவிடக் குளிர்ச்சியாக ஓடுகிறது. நேற்று இரவுகூட ஒரு வரவேற்பு வீடியோவை முடித்துக் கொடுத்தது. இந்தச் சில்லில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இதே வேகத்துக்கு இன்று புதிதாக ஒன்று வாங்கக் கை வரவில்லை. இருந்தும் நண்பரிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். அவருக்கு வருவதும் அதே நிறுவனத்தின் அதே மூன்று விசிறிப் பலகை. இன்னொரு பலகைக்காரரின் இரண்டு விசிறிக் கார்டாக இருந்தால் மறுபேச்சில்லாமல் வாங்கச் சொல்லியிருப்பேன்.

அவர் கேட்கிறவர் இல்லை, விலையைப் பார்த்ததும் மனம் அதிலேயே நிற்கிறது. அதனால் பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியதைச் சொல்லியிருக்கிறேன்: கார்டின் விளிம்பில் ஓர் அளவுகோலை வைத்து வளைவைப் பார்க்க வேண்டும், ஸ்லாட்டுக்கு மேலுள்ள கெபாசிட்டர் வரிசையை லென்ஸில் பார்க்க வேண்டும், எட்டு முள் இணைப்பில் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும், விற்பவர் வீட்டிலேயே ஒரு மணி நேரமாவது முழுச் சுமையில் ஓட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மீட்டரை எடுத்துக்கொண்டு நானும் உடன் போகிறேன்.