கொப்புளத் தோல்: திசுச் சோதனையா, மரபணுச் சோதனையா?

சேலத்து வெயிலில் செருப்பு உரசிய இடமெல்லாம் கொப்பளிக்கும் குழந்தையின் பாதம், ஏற்காட்டுக் குளிரில் சற்றே அடங்குமானால், தோல் செல்களுக்கு உறுதி தரும் கெரட்டின் 5 அல்லது 14 புரதத்தின் பிழையை, அதாவது எபிடெர்மோலைசிஸ் புல்லோசா என்னும் மரபுவழிக் கொப்புள நோயை, மருத்துவர் சந்தேகிக்கலாம். அதை உறுதிசெய்யும் இரு சோதனைகளை ஒப்பிடுவோம்.

வலி: திசுச் சோதனைக்குத் தோலில் சிறு துண்டு வெட்டுவார்கள், மரபணுச் சோதனைக்குச் சிறிது இரத்தம் போதும்.

காலம்: முன்னதற்குச் சில நாட்கள், பின்னதற்குப் பெரும்பாலும் சில வாரங்கள்.

விடை: தோல் எந்த அடுக்கில் பிளக்கிறது என்பதைத் திசு காட்டும்; ஆனால் பழைய கொப்புளம் ஏமாற்றிவிடும் என்பதால், அப்போதே தேய்த்து எழுப்பிய கொப்புளத்தின் ஓரத்திலிருந்து எடுப்பதே முறை. பிழை எந்த மரபணுவில் என்பதை இரத்தம் சொல்லும்.

பச்சிளங் குழந்தையின் நோய்வகையை விரைந்தறியத் திசுச் சோதனை பொருந்தும். அடுத்த பிள்ளையைப் பற்றிக் கவலைப்படும் குடும்பத்திற்கு, செலவு கூடினாலும், மரபணுச் சோதனையையே சொல்வேன்.